சாக்லேட் சிரப்பும் நிஜ ரத்தமும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிகரெட், தண்ணி இல்லை. பழைய, மலிவான, அசிங்கமான திகில் படங்கள். யாரும் மதிக்காத படம், விமர்சகர்கள் காறித் துப்பிய படம், நாலு நாடுகளில் தடை செய்த படம் என்று கேள்விப்பட்டால் போதும், அன்று ராத்திரி தூக்கம் போச்சு. மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் கடைசி பெஞ்சில் கண் சொக்கும்.

வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு. "சாப்பிட்டுட்டு படுக்கப் போறப்போ இந்தக் கண்றாவியைத்தான் பாக்கணுமாடா?" என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி. என் நிரந்தர பதில்: "அது நிஜ ரத்தம் இல்லம்மா, சாக்லேட் சிரப்." இந்த பதிலை நான் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். அது எதுவரைக்கும் செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

முதலில் சாக்லேட் சிரப் கதை. அது சும்மா சொல்வதில்லை, உண்மை. 1968இல் ஜார்ஜ் ரொமெரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' கறுப்பு வெள்ளைப் படம். அதனால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமானதாக இருந்தது. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள், நண்பர்களோடு சேர்ந்து பத்துப் பேராக ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்த கம்பெனிதான் 'இமேஜ் டென்'. பிறகு இன்னும் பலரிடம் பணம் திரட்டி, சுமார் 1,14,000 டாலரில் படத்தை முடித்தார்கள். பார்ட்னர்ஷிப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

படம் பிரமாதமாக ஓடியது. ஆனால் விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, புதிய டைட்டிலில் காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் உரிமையே கிடையாது. அவ்வளவுதான், படம் ஊர்ச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் காசெட் போட்டு விற்றார்கள், டிவியில் காட்டினார்கள், எடுத்தவர்களுக்குப் பைசா வரவில்லை. ஆனால் அப்படி எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைத்ததால்தான் அதை எல்லோரும் பார்த்தார்கள், இன்றைக்கு நாம் சொல்லும் 'ஜோம்பி படம்' என்ற வகையே பிறந்தது. (படத்தில் 'ஜோம்பி' என்ற வார்த்தையே கிடையாது என்பது தனிக் கதை.)

அந்தப் படத்தின் நாயகன் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். ராத்திரி முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பித்தவனை, காலையில் காப்பாற்ற வந்த கும்பல் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அந்த வருஷம் அக்டோபரில் படம் வெளிவந்தது. பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்பட்டிருக்காது. மலிவான படம் என்றால் மலிவான சிந்தனை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அடுத்து 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற சொல். நம்மவர்கள் பலர் இதை ஆபாசப் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நட்சத்திரமும் கிடையாது, செட்டும் கிடையாது. அப்புறம் எதை வைத்து ஆளைக் கொட்டகைக்குள் இழுப்பது? மற்றவர்கள் காட்டத் தயங்கும் ஏதோ ஒன்றை எடுத்து, அதையே விளம்பரமாக்கிக் காசு பார்ப்பது, அதுதான். 1963இல் 'பிளட் ஃபீஸ்ட்' எடுத்த ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் இதில் முன்னோடி. அந்தப் படத்துக்கு வந்தவர்களுக்கு வாந்திப் பை கொடுத்தார்கள்! மனிதர் பிற்பாடு நேரடி விற்பனை விளம்பரம் எழுதுவது எப்படி என்று புத்தகம் புத்தகமாக எழுதி அந்தத் துறையிலும் பெரிய பெயராகிவிட்டார். எங்கள் மார்க்கெட்டிங் சார் இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை :-)

சரி, இதுவரை சந்தோஷமான கதை. இப்போது கொஞ்சம் சிக்கலான கணக்கு.

1974இல் வந்த 'த டெக்ஸாஸ் செயின் சா மாசகர்' எனக்கு மிகவும் பிடித்த திகில் படம். பெயரைக் கேட்டால் ரத்த ஆறு என்று தோன்றும். உண்மையில் அதில் ரத்தம் மிகக் குறைவு. சத்தமும் வெயிலும் வியர்வையும்தான் நம்மைப் பயமுறுத்துகின்றன. அந்த வியர்வை நிஜம். டெக்ஸாஸ் கோடையில், லெதர்ஃபேஸாக நடித்த கன்னர் ஹான்சன் படப்பிடிப்பு முழுக்க ஒரே உடையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு நடித்தார். கடைசி விருந்துக் காட்சியை ஒரு நாளைக்கும் மேலாக இடைவிடாமல், அழுகும் இறைச்சி நாற்றத்துக்கு நடுவே எடுத்தார்கள். மெரிலின் பர்ன்ஸின் விரலைக் கீறும் இடத்தில், பொய் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு வேலை செய்யாததால் ஹான்சன் நிஜமாகவே கீறிவிட்டார்.

இத்தனைக்கும் கிடைத்தது என்ன? நடிகர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பங்கு வைத்திருந்த நிறுவனத்துக்குப் படத்தில் பாதிதான் சொந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். விநியோகம் செய்த பிரையன்ஸ்டன் நிறுவனத்துக்கு மாஃபியா தொடர்பு. கணக்கு ஒழுங்காக வரவே இல்லை. நடித்தவர்கள் கைக்கு வந்தது சொற்பம்.

'குறைந்த செலவில் எடுத்த மேதைமை' என்று நாம் ரசிகர்கள் சிலாகிக்கிறோமே, அந்தக் குறைந்த செலவு வானத்திலிருந்து விழுவதில்லை. பேரேட்டில் எழுதாத செலவு யாரோ ஒருவர் உடம்பில் எழுதப்பட்டிருக்கும். இருந்தாலும் இந்தப் படத்தை நான் மன்னிக்கிறேன். காரணம் எளிது. அவர்கள் பெரியவர்கள், தெரிந்து வந்தவர்கள், வேண்டாம் என்றால் போயிருக்கலாம். ஏமாற்றியவர்கள் மேல்தான் கோபம், படத்தின் மேல் இல்லை.

இனி மூன்றாவது. இத்தாலியரான ருஜெரோ டியோடாட்டோ 1980இல் வெளியிட்ட 'கானிபல் ஹோலோகாஸ்ட்'. அமேசான் காட்டுக்குப் போய்க் காணாமல்போன படக்குழு, பிறகு கிடைக்கும் அவர்களுடைய ஃபிலிம் சுருள்கள் என்று போகும் கதை. கண்டெடுத்த காட்சி வகைப் படங்களுக்கு முன்னோடி. படம் அவ்வளவு நம்பும்படி இருந்ததால், நடிகர்களையே கொன்றுவிட்டார் என்று இயக்குநர் மேல் வழக்குப் போட்டார்கள். ஒரு வருஷம் தலைகாட்டக் கூடாது என்று நடிகர்களோடு அவரே ஒப்பந்தம் போட்டிருந்தார். அதே நடிகர்களைத் தேடிப் பிடித்துக் காட்டிய பிறகுதான் தப்பித்தார். கழுவில் ஏற்றப்பட்ட பெண்ணின் காட்சி எப்படி எடுத்தது என்றால், இரும்புக் கம்பியில் ஒரு சைக்கிள் சீட், வாயில் ஒரு லேசான மரத்துண்டு. அவ்வளவுதான்.

நடிகர்கள் நடித்த மனிதச் சாவெல்லாம் பொய். ஆனால் மிருகச் சாவெல்லாம் நிஜம். கோட்டி என்ற சின்ன விலங்கு, பன்றி, பாம்பு, பெரிய ஆமை ஒன்று. ஒரு குரங்கைக் கொல்லும் காட்சியை இரண்டு முறை எடுத்தார்கள், ஆகவே இரண்டு குரங்குகள். பேராசிரியராக நடித்த ராபர்ட் கெர்மன் கோட்டியைக் கொன்றபோது அங்கே நிற்க முடியாமல் போய்விட்டார்.

ஆமைக் காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அம்மா அறைக்குள் வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஓடு பிளந்த பிறகும் கால்கள் அசைந்துகொண்டிருந்தன. "இதுவும் சாக்லேட் சிரப்பாடா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "ஆமாம்மா" என்று பொய் சொன்னேன். அம்மா போன பிறகு படத்தை நிறுத்திவிட்டேன்.

இதற்கு ரசிகர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்கும் தெரியும். "நாம தினமும் கோழி சாப்பிடலையா?" சாப்பிடுகிறோம். நானும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிடுகிறவன்தான். ஆனால் எந்தக் கறிக்கடைக்காரரும் 'ஷாட் சரியில்லை' என்று இன்னொரு ஆட்டை வெட்டுவதில்லை. அந்த இரண்டாவது குரங்கு செத்தது பசிக்காக அல்ல, கேமராவுக்காக.

"படம் அதைத்தானே விமர்சிக்கிறது, பரபரப்புக்காக எதையும் செய்யும் ஊடகக்காரர்களைத்தானே சாடுகிறது" என்பது இன்னொரு வாதம். சாடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையில் வரும் படக்குழு செய்யும் பாவத்தை எடுத்த படக்குழுவும் செய்திருக்கிறது. திருடனைப் பற்றிப் படம் எடுக்க யாராவது திருடுவார்களா?

அந்தக் கொலைகள் தேவைப்பட்டனவா என்றால் அதுவும் இல்லை. 1999இல் 'த பிளேர் விட்ச் பிராஜெக்ட்' அதே உத்தியை எடுத்துக்கொண்டது. நடிகர்கள் காணாமல்போனதாக விளம்பரம், கண்டெடுத்த காட்சிகள், எல்லாம். எடுக்க ஆன செலவு சுமார் 60,000 டாலர், வசூல் 24 கோடி டாலருக்கு மேல். ஓர் எலி கூடச் சாகவில்லை.

அதற்காகத் தடை செய்யச் சொல்கிறேனா? இல்லை. 2011இல் பிரிட்டன் தணிக்கை வாரியம் சுமார் 15 விநாடி மட்டும் வெட்டி அந்தப் படத்தை அனுமதித்தது. அப்படியே இருக்கட்டும், பார்க்க நினைப்பவர்கள் பார்க்கட்டும். 2022இல் மறைந்த டியோடாட்டோவே அந்த மிருகங்கள் விஷயத்தில் பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். படம் திறமையாக எடுக்கப்பட்டது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் 'கட்டாயம் பாரு மச்சி' என்று நண்பர்களுக்கு நான் கொடுக்கும் பட்டியலில் அது இனி கிடையாது.

என் அளவுகோல் இப்போது ஒன்றுதான். 'கட்' சொன்னதும் செத்தவர் எழுந்து டீ குடித்தாரா? குடித்தார் என்றால் எவ்வளவு கோரமான படமாக இருந்தாலும் பார்க்கத் தயார், அதற்காக அம்மாவோடு சண்டை போடவும் தயார்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், இரண்டு நாள் கழித்து. திட்டுவார் என்று நினைத்தேன். "அதான் அன்னைக்கே உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.