எண்ணாகிப் போனவர்கள்

நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில், சாவடிச் சுவரிலோ பழைய பள்ளிக் கட்டடத்திலோ பதித்த சலவைக்கல் பலகையொன்றைக் காணலாம். 1914 முதல் 1919 வரையிலான பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் ஈந்தனர் என்பதே அதன் வாசகம். சென்றவர் தொகை ஒன்று. மாண்டவர் தொகை ஒன்று. மாண்டவன் பெயர் இல்லை. எக்களத்தில் வீழ்ந்தான் என்பதும் இல்லை. அந்த இரண்டு தொகைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவனைப் பெற்ற தாய் எழுத்துக்கூட்டியும் அறியவொண்ணா மொழியில்!

இதனை நினைவுச்சின்னம் என ஒப்ப என் மனம் இடந்தரவில்லை. மூட்டைகளை எண்ணிக் குறித்த மண்டிச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, இது கல்லில் இருக்கிறது என்பது ஒன்றே.

அத்துணைப் பேரின் பெயர்களைப் பொறித்தல் இயலுமோ என்பார் உளர். 1931இல் திறக்கப்பெற்ற தில்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பிரான்சு நாட்டின் நூவ் ஷாப்பேலில் 1927இல் எழுந்த சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் உள்ளன. ஆனால் 1929இல் ஈராக்கின் பசுராவில் எழுப்பிய சின்னத்திலோ, ஆங்கிலப் படைவீரன் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு அவனது படைப்பிரிவின் கீழ் ஓர் எண்ணே உண்டு. பசுராவில் மட்டும் கல்லுக்குப் பஞ்சமா? ஐரோப்பியர் கண்படும் இடத்தில் பெயர், படாத இடத்தில் எண் என்றே எனக்குத் தோன்றுகிறது. இவ்வேற்றுமை நேர்ந்தது உண்மையே எனப் போர்க்கல்லறை ஆணையத்தின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டுவிட்டது.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது. அவனருகே நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயையும் அக்கல் செதுக்கிக் காட்டுகிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் ஒரு நாய்க்குக் கிட்டிய சிறப்பு, இருபதாம் நூற்றாண்டில் மனிதனுக்குக் கிட்டவில்லை.

"வெள்ளையனுக்காகக் கூலிக்குப் போரிட்டவனுக்குக் கல் எதற்கு?" என்று சினப்போர் நம்மிடையே உளர். அவர்கள் நாட்டுப்பற்றை யான் ஐயுறவில்லை. ஆயினும் நம் முன்னோர் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு மட்டுமா கல் நட்டனர்? கவரச் சென்று மாண்டவனுக்கும் அன்றோ நட்டனர்! 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல்லும் ஆகோளில் வீழ்ந்தவனின் பெயரைத்தான் சொல்கிறது. அறத்தின் பக்கம் நின்றானா என்று விசாரித்து முடித்தபின் பெயர் எழுதும் வழக்கம் நமக்கு என்றும் இருந்ததில்லை. வறுமையால் படையிற் சேர்ந்தவனிடம் பேரரசின் பாவக்கணக்கைக் கேட்பதும் முறையன்று.

பெயர்கள் அழிந்துவிடவுமில்லை. ஆணையத்தின் பதிவேடுகள் எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன. லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் முடங்கியிருந்த பஞ்சாபியப் படைவீரர் ஏறத்தாழ 3,20,000 பேரின் ஏடுகளும், ஊர்வாரியாக எழுதப்பட்டவை, 2021 முதல் வெளிவரத் தொடங்கியுள்ளன. பழைய பலகைகளைப் பெயர்க்க வேண்டா. ஒவ்வொன்றின் கீழும் ஊரார் மொழியில், ஊரார் பெயர்களோடு, இன்னொரு கல் பதிக்கட்டும். ஊராட்சிகள் செலவுக்கு அஞ்சுமாயின், மலர் வெளியிடப் பொருள் திரட்டும் நம் போன்ற சங்கங்கள் அக்கல்லுக்கும் திரட்டலாம்.