துப்பாக்கி எதற்கு?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்ப் படம், மலையாளப் படம் இரண்டையும் வசனம் புரிந்து பார்க்கலாம். ஒப்பிட்டு எடை போடலாம்.

2013-ல் வந்த ‘திருஷ்ய’த்தையும், அதே இயக்குநர் ஜீத்து ஜோசப் 2015-ல் தமிழில் எடுத்த ‘பாபநாச’த்தையும் எண்ணிப் பாருங்கள். கதாநாயகன் அதிகம் படிக்காத கேபிள் டி.வி.க்காரன். சினிமா பார்த்துக் கற்ற புத்திதான் அவன் ஆயுதம். போலீஸ் அவனுடைய சின்ன மகளை மிரட்டும்போது நமக்கு நெஞ்சு பதறுகிறது. நம் வீட்டுப் பிள்ளையாகவே அவள் தெரிகிறாள்.

‘கைதி’ (2019) சண்டைப் படம்தான். ஆனால் மகளைப் பார்க்கத் தவிக்கும் தகப்பன் அதில் இருக்கிறான். அதே லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) படத்தில் பீரங்கியே முழங்குகிறது. காது அடைக்கிறது, மனம் அசையவில்லை. ‘ஜெயிலர்’ (2023) படத்தில் தலை துண்டாகிறது. மடியில் இருக்கும் குழந்தையும் அதைப் பார்க்குமே என்று எவரும் நினைக்கவில்லையா?

கூலியில் மிச்சம் பிடித்துக் குடும்பத்தோடு டிக்கெட் எடுப்பவன் கேட்பது ரத்த ஆறு அல்ல. அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பு. அதற்குத் தோட்டா வேண்டாம். கதை போதும்.