ஒட்டுப் போர்வையும் அளவு என்னும் அமானிதமும்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. நைந்த கைலியையும் பழம் புடவையையும் அடுக்கி ஒட்டுப்போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிப்புத் தைத்த மூதாட்டிகளை நாம் அறிவோம். அதே கலை இன்று ‘பேட்ச்வொர்க் குவில்ட்’ என்னும் பெயருடனும், விதவிதமான அளவுகோல்களுடனும் திரும்பி வந்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே தைத்து விற்கும் சகோதரிகளும் இருக்கின்றனர். “கந்தல் துணிக்கு இத்தனை கணக்கா?” என்று நகைப்போர் ஒரு சாரார், கண்ணில்படும் அளவுகோலையெல்லாம் வாங்கிக் குவிப்போர் மறுசாரார். அளவு என்பது ஓர் அமானிதம் என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர் என்பதே நம் கருத்து.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். இப்போர்வை கட்டம் கட்டமாக உருவாகிறது. சதுரங்களும் முக்கோணங்களும் சேர்ந்து ஒரு கட்டம்; கட்டங்கள் சேர்ந்து போர்வை. தையலுக்காக ஒவ்வொரு விளிம்பிலும் கால் அங்குலம் விடுவது இதன் பொதுவிதி. தைத்தபின் 4 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 4½ அங்குலத்தில் வெட்ட வேண்டும். இரு முக்கோணங்கள் சேர்ந்த 4 அங்குலச் சதுரத்திற்கோ கணக்கு மாறுகிறது. 4⅞ அங்குலச் சதுரங்கள் இரண்டை எடுத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் தைத்து, நடுவே வெட்ட வேண்டும். நாலே முக்காலே அரைக்கால்! இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே முக்கோண அளவுகோல் வந்தது. தையல் விளிம்பின் கணக்கு அதிலேயே அடங்கியிருப்பதால் 4½ அங்குலப் பட்டையை வெட்டி அதன்மேல் வைத்தால் போதும்.

தடித்த, ஒளிபுகும் அக்ரிலிக்கில் இக்கோல்கள் செய்யப்படுகின்றன. 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளும் வட்டக் கத்தியை அறிமுகப்படுத்திய பிறகே இவை பரவலாயின. அதற்குமுன் அட்டையில் வடிவம் வெட்டி, அதைத் துணியில் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டினர்.

சிறு பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்று பாருங்கள். கால் அங்குலம் விட வேண்டிய தையலில் வீசம் அங்குலம், அதாவது 1/16, கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரு துண்டுகளிலும் குறைவதால் ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகிறது. வரிசைக்கு மூன்று சதுரம் கொண்ட ஒன்பது சதுரக் கட்டத்தில் வரிசைதோறும் இரண்டு தையல்கள். ஆகவே கட்டம் கால் அங்குலம் சுருங்குகிறது. அத்தகைய எட்டுக் கட்டங்களை அடுக்கினால் 2 அங்குலம் காணாமற் போகிறது! எட்டுமுனை நட்சத்திரத்தைத் தைப்போருக்கும் இதே நிலைதான். 45 பாகை கொண்ட எட்டு வைரத் துண்டுகள் கூடினால் 360. ஒவ்வொன்றிலும் ஒரு பாகை கூடினாலும் துணி தட்டையாகப் படியாது. நடுவே சுருக்கம் விழும்.

இங்கேதான் மார்க்கத்தின் பார்வை தேவைப்படுகிறது. அளவில் குறைப்போரை எச்சரிப்பதற்கென்றே திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயம், அல்முதஃப்பிஃபீன், அப்பெயர் பெற்றிருக்கிறது. அது தானியக் கடைக்காரருக்கு மட்டும் உரியதெனக் கருதுவது தவறு. தையல் மேசையிலும் மூவருடைய உரிமை நம் கையில் இருக்கிறது.

முதலாவது, துணிக்கு உடையவரின் உரிமை. பேட்ச்வொர்க் தைப்போர் பெரும்பாலும் தையற்கடை வெட்டுத்துணியை நாடுகின்றனர். அத்துணி யாருடையது? வாடிக்கையாளர் கொடுத்த துணியின் மிச்சம் அவருக்கே உரியது. யாரும் பொருட்படுத்தாத நறுக்குகளை வழக்கமே விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் ஒரு சதுரம் தேறக்கூடிய துண்டை நாமாக எடுத்துக்கொள்ள உரிமையில்லை. “மிச்சத் துணியை எடுத்துக்கொள்ளலாமா?” என்னும் ஒரு கேள்வி போதும். அதைக் கேட்கத் தயங்கி, அழகிய போர்வையை ஐயத்தின் மீது தைப்பானேன்?

இரண்டாவது, உடன் தைப்போரின் உரிமை. பலர் ஆளுக்கு நான்கு கட்டங்கள் தைத்து இணைக்கும்போது, ஒருத்தியின் அசட்டை இன்னொருத்தியின் இரவு உறக்கத்தைப் பறிக்கும். ஆகவே தைக்கத் தொடங்குமுன் எல்லோரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த ஒப்புக்கொள்வது நன்று. துணிநாடா நாள்பட இழுபடும். இரு கோல்களின் கோடுகளும் சற்றே மாறுபடலாம். தொழுகையில் ஸஃபை நேராக்கும் சமுதாயத்திற்கு இது விளங்காததன்று. ஒருவர் முன்னே நின்றால் வரிசையே கோணும்.

மூன்றாவது, வாங்குவோரின் உரிமை. 60-க்கு 90 அங்குலம் என்று சொல்லி விற்பவர், பஞ்சு வைத்துத் தைத்து முடித்தபின் அளந்து சொல்ல வேண்டும். மேல்துணியின் அளவைச் சொல்வது போதாது. தையலில் போர்வை சற்று உள்வாங்கும், பருத்தி முதற் சலவையில் சுருங்கும். அதையும் எடுத்துரைப்பதே நேர்மை. எந்திரத்தில் தைத்ததைக் கைத்தையல் என்று கூறுவதும் அளவில் குறைப்பதன் இனமே.

அப்படியானால் அளவுகோல் இல்லாமல் இக்கலையே இல்லையா? இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் ‘கவந்தி’ போர்வை அதற்குச் சான்று. முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அச்சமூகத்தில் உள்ளனர். அப்பெண்கள் அளவுகோல் இன்றியே பழந்துணிகளை ஓரத்திலிருந்து நடுநோக்கி ஓட்டுத்தையலால் இணைக்கின்றனர். நான்கு மூலைகளிலும் ‘ஃபுலா’ என்னும் மடித்த துண்டுகளை வைத்து முடிக்கின்றனர். அவர்களது முறையில் ஒரு துண்டு அடுத்த துண்டுக்கேற்ப வளைந்துகொடுக்கிறது; ஆகவே அதற்குக் கோல் தேவையில்லை. தனித்தனியே தைத்துப் பின் இணைக்கும் கட்ட முறைக்கோ தேவை. எனவே செய்யும் முறையே கருவியைத் தீர்மானிக்க வேண்டும். கடைக்காரரின் அடுக்கு அன்று.

இதிலிருந்தே வீண்விரயத்தின் எல்லையும் தெரிகிறது. 6-க்கு 24 அங்குலக் கோல் ஒன்று, 45 பாகைக் கோடிட்ட சதுரக் கோல் ஒன்று. தொடங்குவோருக்கு இவை போதும். முக்கோணங்களைச் சற்றே பெரிதாகத் தைத்து, சதுரக் கோலை வைத்துச் சீராக நறுக்கிக்கொள்ளலாம். அதில் கழியும் நூலளவுத் துணி விரயமாகாது. அது நேர்மைக்குக் கொடுக்கும் விலை. ஆனால் ஒரே ஒரு வடிவத்திற்காகக் கோல் வாங்கிப் பெட்டியில் உறங்க வைப்பதும், துண்டாக்குவதற்கென்றே புதுத்துணியை மீட்டர் கணக்கில் வாங்குவதும் சிக்கனத்தில் பிறந்த கலையைச் செலவாளியாக்கிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தும்போது, பின்னங்களைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அந்நிஸா அத்தியாயம் வகுத்துள்ள அரை, கால், அரைக்கால் பங்குகள் இந்த அங்குலக் கோலில் கோடுகளாகவே நிற்கின்றன. துணியில் அரைக்காலை வெட்டிப் பழகிய பிள்ளைக்கு, வாரிசுப் பங்கில் அரைக்கால் தவறினால் ஒரு விதவை எதை இழப்பாள் என்பது சட்டென விளங்கும். ஆண் பிள்ளைகளையும் இதில் அமர்த்துங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கும்போது, ஊசி பெண்ணுக்கு மட்டும் உரியது என்று நாம் எவ்வாறு சொல்ல இயலும்? கூரிய வட்டக் கத்தியை மட்டும் பெரியவர்கள் தம் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

எவரும் காணாத உள்தையலிலும் கால் அங்குலத்தைக் கால் அங்குலமாகவே விடுகின்ற கை, நாளை தராசைப் பிடித்தாலும் பங்கு பிரித்தாலும் பிசகாது. அத்தகைய கைகளை நம் சந்ததியினருக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.