பன்றிக்கறி தொடாத நாம்

ஊரில் ஒருவர் குடிக்கிறார் என்று தெரிந்தால் அவர் வீட்டில் சம்பந்தம் செய்ய யோசிக்கிறோம். வெளியூர் ஓட்டலில் உட்கார்ந்தால் கறி ஹலாலா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் இலையில் கை வைக்கிறோம். நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே கை, சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடப்பிறந்தவளின் பங்கை விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்கும்போது மட்டும் நடுங்குவதில்லை. வாங்கியவர் மறுநாள் சுப்ஹுக்கு முதல் ஸஃப்பில் நிற்பார். தோளோடு தோள் சேர்த்து நிற்கும் நமக்கும் ஒன்றும் உறுத்தாது.

பெரும்பாவங்கள் எவை என்று தெரியாது என நாம் சொல்லிவிட முடியாது. அழிவில் தள்ளும் ஏழு பாவங்களை நபி (ஸல்) எச்சரித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இணைவைத்தல், சூனியம், கொலை, வட்டி, அநாதையின் சொத்தை உண்ணுதல், போர்க்களத்தில் புறமுதுகு காட்டுதல், ஒழுக்கமான பெண்கள் மீது அவதூறு சொல்லுதல். மதரஸாப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். 1348இல் டமாஸ்கஸில் காலமான இமாம் தஹபியின் ‘அல்கபாயிர்’ எழுபது வரை போகிறது. பின்னால் வந்த இப்னு ஹஜர் அல்ஹைதமியின் பட்டியல் நானூறையும் தாண்டும். எத்தனை என்பதில்தான் பேச்சு. எதற்கு நரகமோ சாபமோ இம்மையில் தண்டனையோ சொல்லப்பட்டிருக்கிறதோ அது பெரும்பாவம் என்பதில் பெரிய தகராறு இல்லை. அந்த ஏழில் நான்கு, நேராக அடுத்த மனிதர் மேல் விழுபவை. கொலையை விடுவோம். மற்ற மூன்றோடு நாம் எப்படிக் குடித்தனம் நடத்துகிறோம் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் சொத்து, அநாதையுடையதைப் போலவே வாப்பாவை இழந்த மகளுடையதும். வாப்பா மவுத்தாகிறார். உம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள். வீடும் கடையுமாக 32 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். மிச்சத்தில் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. ஓதிய ஹஜ்ரத் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் கொடுத்துவிடும் கணக்கு இது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பிரியாணி எத்தனை கிலோ என்று துல்லியமாகக் கணக்குப் போடும் வீட்டில், இந்தச் சீட்டு மட்டும் வருஷக்கணக்கில் எழுதப்படாது. லாத்தா வாய் திறந்தால், “ஒனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே” என்பார் காக்கா. சீரும் வாரிசுரிமையும் ஒன்றென்று எந்த மத்ஹபு சொன்னது? இன்னும் அழுத்தினால், “கேஸு போட்டா பொறந்த வீட்டு வாசல மிதிக்காதே.” அதோடு அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அதற்கு மனப்பூர்வமான விட்டுக்கொடுத்தல் என்று பெயர் வைக்கிறோம்.

பங்குகளை விவரிக்கும் அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களை அடுத்தே, இந்த வரம்பை மீறுகிறவருக்கு நரகம் என்று வருகிறது. சட்டத்தைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தி அதையும் சேர்த்துக்கொண்டது. வயலிலும் அவளுக்குப் பங்கு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் வீட்டையே மகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. நாலு பெண் பெற்றவர் நாலு வீடு கட்டுவதற்குள் முதுகு ஒடிந்துபோவதும் இருக்கிறது.

வட்டிக்கு வருவோம். வங்கி வட்டியைத் தொட மாட்டோம், எடுத்துக் கழிப்பறை கட்டக் கொடுத்துவிடுவோம். அதே நாம் ஐந்து லட்சத்துக்கு வீட்டை ஒத்திக்கு எடுத்து, மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருந்து, போகும்போது ஐந்து லட்சத்தையும் முழுசாக எண்ணி வாங்கிக்கொள்கிறோம். கடன் கொடுத்தவன் அந்தக் கடனுக்காக ஆதாயம் பெற்றால் அது வட்டி என்று ஆலிம்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். வட்டி வாங்குகிறவர் அல்லாஹ்வோடும் அவன் தூதரோடும் போருக்கு நிற்கிறார் என்கிறது குர்ஆன். குடிகாரரைப் பற்றிக்கூட அது இப்படிப் பேசவில்லை.

அந்த ஏழில் பெயர் சொல்லி வராவிட்டாலும், வக்ஃபு சொத்துக் கதை இதைவிட மோசம். 2025இல் வந்த வக்ஃபு திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்றோம். நிற்க வேண்டியதுதான். நின்றவர்களில் பள்ளிவாசல் கடையைத் தாத்தா காலத்து வாடகைக்கு வைத்துக்கொண்டு உள்வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கைபர் போர் முடிந்து திரும்பும் வழியில், நபிகளாரின் ஒட்டகச் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்த பணியாள் ஒருவர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருக்குச் சொர்க்கம் என்று தோழர்கள் வாழ்த்தினார்கள். பங்கிடப்படாத பொதுப் பொருளிலிருந்து அவர் எடுத்த ஒரு போர்வை அவர்மேல் நெருப்பாக எரிகிறது என்றார் நபி (ஸல்). அதைக் கேட்டு ஒருவர் ஓடிப்போய்ச் செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். நாம் ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போட்டுவிட்டு நேராக அந்தக் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தோம்.

அவதூறுக்கு இப்போது நாக்குகூடத் தேவையில்லை, கட்டைவிரல் போதும். ஒரு பெண்பிள்ளை யாரோடோ வண்டியில் போனாள் என்று படம் வருகிறது. “உம்மத்தைக் காப்போம்” என்று ஒரு வரி சேர்த்து மஹல்லா குழுவுக்கு அனுப்புகிறோம். நான்கு சாட்சிகள் இல்லாமல் பெண்மேல் பழி சுமத்தியவருக்கு 80 கசையடி என்பது அந்நூர் அத்தியாயம். அன்னை ஆயிஷா (ரலி) மீது பழி பரவிய நாட்களைப் பேசும் இடத்தில், கேள்விப்பட்டதை நாவால் பரப்பியவர்கள் அதை அற்பமாக நினைத்தார்கள், அல்லாஹ்விடமோ அது மகத்தானது என்கிறது அதே அத்தியாயம். படத்தில் இருந்தவன் அந்தப் பெண்ணின் தம்பி என்று தெரிந்த பிறகு மறுப்பு அனுப்புகிறவர் யார்?

இதையெல்லாம் மிம்பரில் ஏன் கேட்பதில்லை? ஹஜ்ரத்தின் சம்பளம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். மீதி விடை நம்மிடம். தராவீஹ் எட்டா இருபதா, அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா கூடாதா என்று பள்ளிவாசலையே இரண்டாக்கினோம். லாத்தாவின் பங்கை அமுக்குவதில் எட்டுக்காரரும் இருபதுக்காரரும் ஒரே ஜமாஅத்.

மற்ற பாவங்களுக்கு இரவில் அழுது கேட்டால் அல்லாஹ் மன்னிப்பான். மனிதரின் உரிமையைப் பறித்ததற்கு, பறிகொடுத்தவர் மன்னிக்க வேண்டும், இல்லையென்றால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஹஜ்ஜுக்குப் போகுமுன் வீடு வீடாகப் போய், “ஏதும் தப்பிருந்தா பொறுத்துக்கங்க” என்று கேட்கிறோம். மாலையும் கூட்டமுமாக வந்து நிற்கும் காக்காவிடம் லாத்தா வேறென்ன சொல்வாள்? “பொறுத்துட்டேன்” என்றுதான் சொல்வாள்.

அடுத்த ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியிலேயே வாப்பாவின் பத்திரமும் இருக்கிறதா பாருங்கள். அதை ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்ப் பங்குச் சீட்டு எழுதி வாங்குங்கள். கூட்டமில்லாமல் தனியாக லாத்தா வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பு கேட்குமுன் அந்தச் சீட்டை அவர் கையில் கொடுங்கள்.