வாசற்படி தாண்டிய அலுவலகம்

நுழையும்முன்

வேலை என்றால் வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் செல்வது என்றே நகரத்தார் நெடுங்காலம் எண்ணிவந்தனர். மடிக்கணினியும் இணையமும் இன்று அலுவலகத்தை வீட்டுக் கூடத்திற்கே கொண்டுவந்துவிட்டன. இந்த மாற்றம் பணியாளரிடம் மட்டுமன்றி, அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் அனைவரிடமும் சிலவற்றைக் கேட்கிறது. அவை எவை, அவற்றை யார் ஈடுசெய்வது என்பது குறித்த கருத்துரை இது.

தறிக்குழியும் திண்ணையும்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடுகளுள் பழைய வீடு ஒன்றில் நுழைவோர் கண்ணில் முதலில் படுவது தறிதான். தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி, மிதிகளை மாறிமாறி மிதித்து நெய்வார் நெசவாளர். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலை என்றால், பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ளித்தருவார். பாவினை நீட்டிச் சீர்செய்யும் வேலை விடியற்காலையில் தெருவிலேயே நடைபெறும். சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும் அந்தத் தறியைச் சுற்றியே நிகழ்ந்தன. 'வீட்டிலிருந்தே பணி' என்னும் தொடர் 2020ஆம் ஆண்டிற்குப் பிறகே நம் அன்றாடப் பேச்சில் பெருவழக்காயிற்று; அந்தத் தொடர் குறிக்கும் வாழ்க்கையோ மிகப் பழையது.

அந்தப் பழைய வாழ்க்கையில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. வேலைக்கென ஓர் இடம் வீட்டுக்குள்ளேயே வரையறுக்கப்பட்டிருந்தது. குழிக்குள் கால் இருந்தால் வேலை, எழுந்துவிட்டால் ஓய்வு. எத்தனை முழம் நெய்தாயிற்று என்பதைத் தறியே காட்டிவிடும். சேலை முடிந்து தறியிலிருந்து அறுக்கப்படும் நாள், வேலை முடிந்த நாள். பொழுது சாய்ந்து நூலின் நிறம் கண்ணுக்குத் தெரியாமற்போனால் கை தானாகவே நின்றுவிடும்.

திண்ணையும் அத்தகைய ஓர் எல்லையே. கணக்கு எழுதியவரும், மருந்து கொடுத்தவரும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியரும் வீட்டில் இருந்தபடியே, ஆனால் வீட்டினுள் இல்லாமல், அங்கே அமர்ந்து தொழில் செய்தனர். வேலையாக வந்தவர் திண்ணையோடு திரும்பினார். யாரைத் திண்ணையில் அமர்த்துவது, யாரைத் தெருவிலேயே நிறுத்துவது என்பதைச் சாதியும் முடிவு செய்தது என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் போற்ற நான் விரும்பவில்லை. தறிவீட்டையும் அவ்வாறே போற்ற இயலாது. முன்பணம் வாங்கிய கடனால் முதலாளியிடம் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் பல. தார் சுற்றிய பெண்களின் உழைப்பும் துணைக்கு அமர்ந்த சிறுவர்களின் உழைப்பும் கூலிக் கணக்கில் தனியே எழுதப்படவே இல்லை. எனினும், வேலைக்கும் வீட்டிற்கும் இடையே ஒரு வரப்பு இருந்தது என்பது மட்டும் உறுதி. இன்று நாம் இழந்திருப்பது அதனைத்தான்.

அலுவலகம் வீடு வந்த வரலாறு

தொலைவிலிருந்து பணிபுரிதல் என்னும் கருத்தை 1973ஆம் ஆண்டில் பெயரிட்டு முன்வைத்தவர், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்ட ஜாக் நில்லஸ். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் போக்குவரத்து நெரிசலும் எரிபொருள் செலவும் அவரை அவ்வாறு சிந்திக்கத் தூண்டின. பணியாளரை வேலையிடத்திற்கு ஏற்றிச்செல்வதற்கு மாறாக, வேலையைத் தொலைபேசிக் கம்பிவழியே அனுப்பலாமே என்றார் அவர். பலர் அறியாத செய்தி ஒன்று இதில் உண்டு. அவரது முதல் ஆய்வில் பணியாளர்கள் வீட்டில் அமர்ந்து வேலை செய்யவில்லை. வீட்டிற்கு அருகில் அமைந்த சிறிய கிளை அலுவலகங்களுக்குச் சென்றனர். பயணத்தைக் குறைப்பதே நோக்கம். வீட்டையே அலுவலகமாக்குவது அந்தத் திட்டத்தின் தொடக்கமன்று.

சென்னையில் தரமணி டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. காலையில் நிறுவனப் பேருந்தில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, மாலையில் அவ்வாறே திரும்பும் வாழ்க்கைக்கு ஒரு தலைமுறை பழகியது. பின்னர் 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அந்தக் கட்டடங்களில் இருந்த வேலை, சில நாள்களிலேயே வீடுகளுக்குள் புகுந்தது. பெருந்தொற்றின் பொருட்டுத் தொலைத்தொடர்புத் துறை தற்காலிகமாகத் தளர்த்திய விதிகள், அதே ஆண்டு நவம்பரில் நிலையாகவே தளர்த்தப்பட்டன. ஊரடங்கு போயிற்று, வீட்டு அலுவலகம் போகவில்லை. வாரத்தில் சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்னும் கலப்பு முறை இன்று பல நிறுவனங்களில் நிலைபெற்றுவிட்டது.

எங்கே அமர்வது?

வந்த விருந்தாளிக்கு இருக்கை கொடுப்பது நம் மரபு. அலுவலகம் என்னும் இந்த விருந்தாளிக்கு நகர வீடுகளில் இருக்கை இல்லை. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு என்னும் வாடகை வீட்டில் இருவர் பணியாற்றினால் ஒருவருக்குக் கட்டில். மற்றவருக்கு உணவு மேசை. பள்ளிப் பிள்ளைக்கு இணையவழி வகுப்பு இருந்தால் அதற்குத் தரை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தாத்தா வாசலில் போய் அமர்வார். குக்கரின் ஒலி எழும்போதெல்லாம் ஒலிவாங்கியை அணைக்கும் கலையை எத்தனையோ பேர் கற்றுக்கொண்டனர்.

இதில் உடலின் பங்கை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். மடிக்கணினியின் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகவே இணைந்திருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கி நிற்கிறது. தனி விசைப்பலகை ஒன்றும், திரையைக் கண்ணின் உயரத்திற்கு உயர்த்த நான்கைந்து தடித்த புத்தகங்களும் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். பாதம் தரையில் பதிய வேண்டும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். கட்டிலில் சாய்ந்தபடி வேலை செய்வோருக்கு முதுகுவலி வருவது மட்டும் துன்பமன்று; உறங்க வேண்டிய இடத்தில் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு மூலையானாலும் சரி, அது வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டிருத்தல் நன்று. பணி முடிந்ததும் கணினியை மூடி அலமாரியில் வைத்துவிடுவது, தறியைவிட்டு எழுவதற்கு நிகரான செயல்.

எப்போது எழுவது?

இடச் சிக்கலைவிடக் காலச் சிக்கல் கடுமையானது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணியாகும்போது இந்தியாவில், பருவத்திற்கேற்ப, மாலை ஆறரை அல்லது ஏழரை மணி. அங்கே வேலை தொடங்கும் பொழுது, இங்கே விளக்கேற்றி, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, இரவு உணவுக்கு ஆயத்தமாகும் பொழுது. அமெரிக்க வாடிக்கையாளருக்காகப் பணியாற்றும் சென்னை இளைஞர், அந்த வேளையில்தான் திரைமுன் அமர்கிறார். அலுவலகம் தனியே இருந்தபோது, இரவுப் பணி என்பது இரவுப் பணியாகவே அறியப்பட்டது, பகலில் உறங்கினார். இப்போதோ காலைக் கூட்டமும் உண்டு, இரவு அழைப்பும் உண்டு. இடைப்பட்ட நேரத்தில் 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்ற உரிமையோடு காய்கறி வாங்கிவரும் பணியும் உண்டு.

நெரிசலில் கழிந்த பயணத்தை யாரும் மீண்டும் விரும்பமாட்டார்கள். ஆயினும் அந்தப் பயணம் அறியாமலே ஒரு நன்மை செய்துவந்தது. மேலாளரின் கடுஞ்சொல்லைப் பேருந்துச் சன்னலோரத்தில் ஆறவிட்டு வீடுசேர அது இடம் கொடுத்தது. இப்போது கடுஞ்சொல் கேட்ட அடுத்த நொடியில், அதே அறையில், குழந்தை வந்து மடியில் ஏறுகிறது. வேலை தொடங்குமுன் தெருவில் கால்மணி நேரம் நடந்து வருவதும், முடிந்தபின் மீண்டும் ஒருமுறை நடப்பதும் சிறு செயல்களே. ஆனால், பணியாளராக இருப்பவர் தந்தையாகவோ தாயாகவோ மாறுவதற்கு வேண்டிய இடைவெளியை அவை ஓரளவு மீட்டுத்தரும்.

ஒரே கூடம், இரு நீதி

கணவரும் மனைவியும் ஒரே கூடத்தில் இரு கணினிகளின்முன் அமர்ந்திருக்கும் வீட்டை எண்ணிப்பாருங்கள். வாயில் மணி ஒலிக்கிறது. எழுந்து செல்பவர் யார்? பால் பொங்குகிறது, ஓடுபவர் யார்? ஆண் வீட்டிலிருந்து பணியாற்றினால் அவர் 'அலுவலகத்தில்' இருப்பதாகக் குடும்பம் கருதுகிறது. பெண் பணியாற்றினால் அவர் 'வீட்டில்' இருப்பதாகக் கருதுகிறது. நாற்காலிகள் அருகருகேதான் உள்ளன.

இது வெறும் மனப்பதிவன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்; அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். இந்தக் கணக்கு பெருந்தொற்றுக்கு முன்னரே எடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து மணிநேர வீட்டு வேலை காத்திருக்கும் இடத்திற்கே எட்டு மணிநேர அலுவலக வேலையும் வந்து சேர்ந்தால், இரண்டும் ஒன்றன்மீது ஒன்று ஏறுவதன்றி வேறென்ன நிகழும்?

வீட்டுப் பணி பெண்களுக்குக் கேடு என்று இதனால் முடிவுகட்டிவிடல் ஆகாது. மகப்பேற்று நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், வேலையின் தன்மை இடம்கொடுத்தால் விடுப்பு முடிந்த பின்னரும் இருதரப்பு உடன்பாட்டுடன் வீட்டிலிருந்து பணியாற்ற வழிசெய்தது. குழந்தைக்காக வேலையைத் துறந்திருக்கக்கூடிய பெண்கள் இதனால் பணியில் தொடரலாம். படிகளும் பேருந்துகளும் தடையாக நின்ற மாற்றுத்திறனாளிகளுக்கும், முதிய பெற்றோரை ஊரில் தனியே விட்டுவர இயலாதோருக்கும் இது திறந்த கதவு. அந்தக் கதவை மூட வேண்டும் என்பார் எவரேனும் இருந்தால் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கதவு திறந்தவுடன் உள்ளே நுழையும் சுமையை யார் சுமப்பது என்பதே என் கேள்வி.

யார் பொறுப்பு?

'நேரத்தை முறையாகத் திட்டமிடு. மனத்தை ஒருமுகப்படுத்து' என்னும் அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆனால், எல்லையை வகுக்கும் பொறுப்பு முழுவதையும் பணியாளரின் மனவுறுதிமீதே அவை சுமத்துகின்றன. இரவு பத்து மணிக்கு மேலாளர் அழைத்தால், புதிதாகச் சேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞரின் மனவுறுதி என்ன செய்யும்?

பிறநாடுகள் சில இதனைச் சட்டத்தின் பொருளாகக் கருதின. பிரான்சில் 2017 சனவரி முதல், ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்கள், பணிநேரத்திற்குப்பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்துப் பணியாளருடன் பேசவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுக்கல் 2021இல் ஒருபடி மேலே சென்றது: ஓய்வு நேரத்தில் பணியாளரைத் தொடர்புகொள்ளாதிருப்பதை நிறுவனத்தின் கடமையாக்கியது, வீட்டிலிருந்து பணியாற்றுவதால் கூடும் மின்சார, இணையச் செலவுகளையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்றது. நம் மக்களவையிலும் 2018இல் இத்தகைய உரிமையைக் கோரும் தனிநபர் சட்ட முன்வரைவு ஒன்று அறிமுகமாயிற்று, அது சட்டமாகவில்லை.

நமக்கு இது முற்றிலும் அயலான சிந்தனை என்று கூறிவிடவும் முடியாது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பகுதிகளில் பெண்கள் இலையும் தூளும் பெற்றுவந்து வீட்டிலேயே பீடி சுற்றுகின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் இருந்து சுற்றுபவரும் தொழிலாளரே என்பதை 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றது. முதலாளிகள் அதனை எதிர்த்து வழக்காடியபோது, 1974இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணி குறித்த உடன்படிக்கையை 1996இல் உருவாக்கியது. இந்தியா அதனை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுக்குள் நடக்கும் உழைப்பு முதலாளியின் பொறுப்புக்கு அப்பாற்பட்டதன்று என்னும் நெறியைப் பீடி சுற்றிய பெண்கள் நமக்கு முன்பே பெற்றுத்தந்துள்ளனர். நடைமுறையில் அவர்களுக்கு அது முழுமையாகக் கிட்டவில்லை என்பது வேறு. ஆனால், நல்ல ஊதியம் பெறும் மென்பொருள் பணியாளர், தம் வீட்டு உழைப்பும் அதே வரிசையில் நிற்பதை உணர்வதே இல்லை.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். பணியாளர் வீட்டில் அமர்ந்தால் நிறுவனத்திற்குக் கட்டட வாடகை குறைகிறது. குளிரூட்டி, மின்சாரம், பேருந்து, சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றின் செலவு குறைகிறது. அச்செலவில் ஒரு பகுதி பணியாளரின் குடும்பக் கணக்கிற்கு இடம்மாறுகிறது. கூடத்தின் ஒரு மூலைக்கு அவர் கொடுக்கும் வாடகை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. தார் சுற்றிய பெண்ணின் உழைப்பைப் போலவே அதுவும் எழுதப்படாத கணக்கு.

மாணவர்களே, உங்களுள் பலர் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் பணி நியமனக் கடிதம் ஒன்றைக் கையில் பெறுவீர்கள். ஊதியம் எவ்வளவு என்று பார்த்த கண்ணோடு அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். வீட்டில் பயன்படுத்தும் நாற்காலிக்கும் மேசைக்கும் யார் பணம் தருவது, மின்கட்டணத்திலும் இணையக் கட்டணத்திலும் நிறுவனத்தின் பங்கு என்ன, எத்தனை மணிக்குப் பிறகு அழைப்பை ஏற்காமலிருக்கலாம் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையெனில் கையொப்பம் இடுமுன் கேளுங்கள்.