துயரத்துக்கு ஊர் உண்டு

போர் பற்றிய ஓவியக் கண்காட்சி எங்கே நடந்தாலும், திறந்துவைக்க வருபவர் ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருப்பார். துயரத்துக்கு மொழியில்லை, நாடில்லை, கட்சியில்லை. கூட்டம் கைதட்டும். கொஞ்சம் படித்தவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள்: பக்கம் சாராத கலைதான் காலத்தைத் தாண்டி நிற்கும், யார் கொன்றார், யார் செத்தார் என்று பேசத் தொடங்கினால் அது பிரச்சாரம். கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கையால் லாபம் யாருக்கு என்று கணக்குப் பார்த்தால், பெரும்பாலும் அது கொன்றவருக்குத்தான்.

பெர்லினில் நடந்ததைப் பாருங்கள். உன்டர் டென் லிண்டன் சாலையில் நொய வாஹ என்ற பழைய காவற்கட்டிடம் இருக்கிறது. 1993இல் சான்சலர் ஹெல்முட் கோல் அதை ஒன்றுபட்ட ஜெர்மனியின் நினைவிடமாக்கினார். உள்ளே வைக்க அவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் சிற்பம். செத்த மகனைத் தன் முழங்கால்களுக்கிடையே ஒடுக்கி அணைத்திருக்கும் தாய். மூலச் சிற்பம் ஒரு முழ உயரம்கூட வராது. அதைப் பல மடங்கு பெரிதாக்கி, வெற்று மண்டபத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்களுக்கு என்று எழுதியும் வைத்தார்கள்.

யார் அந்தப் பலியானவர்கள்? வதைமுகாமில் செத்த யூதரும் அங்கே சேர்த்தி, அந்த முகாமைக் காவல் காத்துவிட்டுப் பின்னால் குண்டுவீச்சில் செத்த நாஜி எஸ்.எஸ். படை ஆளும் சேர்த்தி. எல்லோருக்கும் அழ ஒரே தாய். ஜெர்மானிய யூதர்களின் தலைவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. கடைசியில், இன்னின்னார் கொல்லப்பட்டார்கள் என்று வகைவகையாகக் குறிப்பிடும் பலகை ஒன்றை வாசலில் வைத்துச் சமாளித்தார்கள். உள்ளே சிற்பம் மழுப்பியதை வெளியே பலகை சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் கோல்விட்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் அப்படிப் பொதுப்படையாக அழுதவர் அல்ல. 1914இல் அவருடைய இளைய மகன் பீட்டர் படையில் சேரத் துடித்தான். வயது 18. தகப்பனின் சம்மதம் வேண்டும், அவர் தயங்கினார். மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் தாய் கேத்தேதான். அக்டோபரில் பெல்ஜியத்தில் பையன் செத்துப்போனான். பிறகு பல ஆண்டுகள் வடித்து, மாற்றி, கைவிட்டு, மறுபடி எடுத்து, 1932இல் அவன் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கற்சிலைகளை வைத்தார். இன்று அவை பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோவில் இருக்கின்றன. தகப்பன் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிக்கொண்டு முழந்தாளிட்டிருக்கிறார். தாய் குனிந்து சுருண்டிருக்கிறார். தனித்தனிப் பீடங்கள்; ஒருவரை ஒருவர் தொடவில்லை. இரண்டு முகங்களும் கேத்தே, அவர் கணவர் கார்ல் இருவரின் சொந்த முகங்கள். அனுப்பிவைத்தவர்கள் அனுப்பப்பட்டவன் முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அதை எந்தச் சாவுக்கும் பொதுவாக வைத்தால் அதன் பொருளே போய்விடும்.

பிரச்சாரம் ஆகிவிடாதா என்பவர்களுக்கு ஸ்பானிய ஓவியர் கோயாவே போதும். நெப்போலியனின் படை ஸ்பெயினில் புகுந்தது 1808இல். அதன் பிறகு கோயா செதுக்கிய செம்புத்தகட்டுச் சித்திரங்களில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஆட்களைத் தூக்கில் மாட்டுகிறார்கள், வெட்டுகிறார்கள். ஒன்றில் ஸ்பானியன் ஒருவன் கோடரியை ஓங்கிப் பிரெஞ்சுச் சிப்பாயைப் பிளக்கப் போகிறான். அதைத் தொட்டுக் காட்டி, 'பார்த்தீர்களா, கோயா நடுநிலை' என்பார்கள். நடுநிலையாவது! எந்தக் கையில் எந்த ஆயுதம் என்பதைச் சீருடை வரை வரைந்து வைத்தவர் அவர். தன் ஊர்க்காரன் செய்ததையும் அதே கூர்மையோடு வரைந்தார், அவ்வளவுதான். பிற்பகுதித் தகடுகளில், 1814இல் திரும்பி வந்த மன்னராட்சியையும் மதகுருமாரையும் உரித்துத் தொங்கவிட்டார். அந்தத் தொகுப்பை உயிரோடிருந்தவரை அவர் வெளியிடவில்லை. 1828இல் இறந்தார், அச்சில் வந்தது 1863இல். யாரையும் குற்றம் சொல்லாத படங்களென்றால் அவை 35 ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு உதாரணம் இன்னும் அப்பட்டமானது. 1943 வங்கப் பஞ்சத்தைப் போர்க் கணக்கில் சேர்க்க நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஏதோ மழை பொய்த்து வந்த பஞ்சம்போல் பேசுகிறோம். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று ஆங்கில அரசு கடலோர வங்கத்தில் படகுகளைப் பறிமுதல் செய்தது, நெல்லை அள்ளிக்கொண்டு போனது. படகில்லாத டெல்டாவில் மீனவன் எப்படிப் பிழைப்பான்? 1942 அக்டோபரில் புயலும் அடித்தது. வியாபாரிகள் பதுக்கினார்கள். தானியக் கப்பல் கேட்டுப் போன வேண்டுகோள்களை லண்டன் போர் அமைச்சரவை தட்டிக்கழித்தது. இறந்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள்.

1943 நவம்பரில் சித்தபிரசாத் என்ற இளம் ஓவியர் மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தார். கறுப்பு மையில் விலா எலும்புகளை வரைந்தார். அதோடு நிற்காமல் இவர் பெயர் என்ன, எந்தக் கிராமம், வீட்டில் என்ன நடந்தது என்று எழுதினார். நிவாரணம் ஏன் வரவில்லை என்றும் எழுதினார். 'ஹங்ரி பெங்கால்' என்று சிறு நூலாக 5,000 பிரதிகள் அச்சானது. அரசு பறிமுதல் செய்து அழித்துவிட்டது. 2011இல் மறுபதிப்பு வந்தபோது, குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்து எந்த அரசும் பயப்படுவதில்லை. இரக்கப்பட்டு நிவாரண நிதிகூட அறிவிக்கும். பயமெல்லாம் படத்துக்குக் கீழே உள்ள எழுத்துக்குத்தான்.

ஊரைச் சொல் என்றால் ரத்தத்தைக் காட்டு என்று பொருளில்லை. பிணத்தைக் காட்டித் திடுக்கிட வைப்பது தனிச் சோம்பேறித்தனம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூல் 2011இல் வெளிவந்தது. அதில் ஒரு பிணம்கூடக் கிடையாது. போரில் வீடிழந்து இடம்பெயர்ந்தவர்கள், தமிழரும் முஸ்லிம்களும், தங்கள் பழைய வீட்டை நினைவிலிருந்து கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கோணல் கோடுகளைக் கட்டிடக்கலை வரைபடமாக முறையாகத் திருத்தி அடுத்து வைத்திருக்கிறார்கள். பிறகு ஓவியரின் சித்திரம். தோம்பு எனும் நிலப் பதிவேடு போன்ற கட்டு. புரட்டப் புரட்ட, வீடுகள் இன்னின்ன இடத்தில் இருந்தன, இப்போது இல்லை என்பது மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. அழுகை வரவழைக்க ஒரு முயற்சியும் இல்லை. எனக்குத் தெரிந்து நம் மொழிச் சூழலிலிருந்து வந்த போர்க் கலையில் இதற்கு நிகர் குறைவு.

ஆகவே கண்காட்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளைப் புறாவையும் முள்வேலியையும் பள்ளிக்கூட ஓவியப் போட்டிக்கு விட்டுவிடுங்கள். படத்தின் கீழே 'போரின் வலி' என்று தலைப்பு ஒட்டாதீர்கள். எந்த ஊர், எந்த நாள், யார் போட்ட குண்டு என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால், யாருக்குப் பயந்து எழுதவில்லை என்பதையாவது எழுதுங்கள்.