பிள்ளையோடு எந்த நகருக்குச் செல்வது?

கணவருக்கு இரண்டாண்டு வெளிநாட்டுப் பணி. ரோக்கியோ, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்னும் மூன்றனுள் ஒன்றைத் தெரிந்து கொள்ளலாமாம். "எட்டு வயது மகளுடன் எங்கே செல்வது?" என வினவுகிறார் நம் வாசகி ஒருவர்.

சகோதரி, சம்பளத்தை முதலில் எண்ணுவது இயல்பே. ஆயின், இரண்டாண்டு கழிந்தபின் உங்கள் மகள் மீண்டும் நம் நாட்டு வகுப்பில் அமர வேண்டியவள் என்பதை மறவாதீர்கள்.

ரோக்கியோவில் அரசாங்கப் பாடசாலைகள் அயல்நாட்டுப் பிள்ளைகளையும் ஏற்கின்றன. ஆனால் பாடங்கள் யப்பானிய மொழியில். அம்மொழி கைவரும் வேளையில் திரும்ப நேரிடும்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்று, பாடசாலையிலும் கற்கலாம். எனினும், அரசாங்கப் பாடசாலையிற் சேர அயல்நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பரீட்சை எழுத வேண்டும். தேறினாலும் இடம் நிச்சயமன்று. சர்வதேசப் பாடசாலைக் கட்டணமோ சம்பளத்திற் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

கோலாலம்பூரிலோ ஆரம்பக் கல்வியைத் தமிழிலேயே போதிக்கும் பாடசாலைகள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாப் புகையிரதப் பகுதியிற் பணியாற்றச் சென்ற யாழ்ப்பாணத்தவரின் வழித்தோன்றல்களும் அங்கு வாழ்கின்றனர். அயல்நாட்டுப் பிள்ளைக்கு இடமுண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இடம் கிடைப்பின், என் தெரிவு அந்நகரே.

எந்நகராயினும், பாடசாலை அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் கணவர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட வேண்டாம். திரும்பி வருகையில் மகளுக்கு இடம் கிடைக்குமா என இங்குள்ள அதிபரிடமும் கேட்டு வையுங்கள். சம்பளம் குறைந்தால் செலவைச் சுருக்கலாம். பிள்ளை இழந்த இரண்டாண்டை எவ்வாறு மீட்பது?